ஆயிரத்து ஏழாம் எண்

ஜூன் 9, திங்கள்

சிஸ்டர் பவுலின் கூப்பிட்டு விட்டார். எங்கள் ஆஸ்பத்திரியின் நிர்வாகி. நின்றுகொண்டே பேசுவார், அதனால் எதிரில் இருப்பவனும் நிற்க வேண்டும்.

"முப்பதாம் தேதிக்குள்ள ரெண்டு காரியம் வேணும் தாணு சார். லேப் சர்வர் பழையபடி ஆகணும். ஜெனிதாவப் பத்தி ஒரு பக்கம் எழுதித் தரணும். அவள நிரந்தரமாக்கவா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும்."

திருப்புகிற வேலையை நாள்தோறும் எழுதிவைக்க ஒரு நீல அட்டை நோட்டும் தந்தார். அதில் வேலை மட்டும் எழுதுவேன். இது வேறு. மருந்துக் கம்பெனி கொடுத்த டைரி, இழுப்பறையில் சும்மா கிடந்தது. கொஞ்ச நாளாக உட்கார்ந்தால் எழும்பத் தோன்றுகிறது, எழும்பினால் உட்காரத் தோன்றுகிறது. எழுதினாலாவது அடங்குமா பார்ப்போம்.

ஜூன் 10, செவ்வாய்

நாளைக்கு நானே மறந்துவிடக் கூடாது என்பதற்காக விஷயத்தை ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

பழைய முறையில் சர்வரின் அடித்தளம் மொத்தமும் ஒரே மூட்டையாக வரும். விரித்துப் போட்டால் தீர்ந்தது. அதற்கு மேல் ஓடுகிற புரோகிராம்கள் மட்டும் தனித்தனிப் பொட்டலங்கள். புது முறையில் அடித்தளமும் முந்நூறு பொட்டலமாகப் பிரிந்துவிடும். எந்தப் பொட்டலம் எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு ஏறியது என்று சர்வரே ஒரு பதிவேடு எழுதிக்கொள்ளும். ஜனவரியில் என் உதவியாளர் ஜெனிதா அப்படி மாற்றினாள். வேலைக்கு வந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. நன்றாகத்தான் செய்தாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 21, ஈஸ்டருக்கு மறுநாள் காலை ஏழு மணிக்குக் கரண்டு போய் வந்தது. ஜெனிதா சர்வரைப் போட்டாள். எழும்பவில்லை. ஏழு மணி நேரம் ஒரு ரிசல்ட்டும் கிடையாது. லேப் டெக்னீஷியன் ததேயுஸ் துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு வார்டு வார்டாக ஓடினான். ஆபரேஷன் இரண்டைத் தள்ளிப்போட்டார்கள். மதியம் மீதிப் பொட்டலங்களை ஏற்றி நான்தான் எழுப்பினேன். டாக்டர்கள் என் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள்.

புது முறையால் வந்த வினை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை.

ஜூன் 11, புதன்

வீட்டு மோட்டார் இழுக்கவில்லை. என் மனைவி பகவதி பிளம்பரைக் கூப்பிடச் சொன்னாள். இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரி சர்வரைப் பார்க்கிறவனுக்கு ஒரு மோட்டார் பெரிய காரியமா என்று நானே பிரித்தேன். மறுபடி மாட்டியபோது ஒரு வாஷர் மிச்சம் இருந்தது. சவம், எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை.

ஜூன் 13, வெள்ளி

மூட்டையை இறக்கி வைத்துவிட்டேன். சரியான பதிப்புதான், இரண்டு தடவை சரிபார்த்தேன். பிரச்சினை அது இல்லை. மூட்டையை விரித்தால் மட்டும் போதாது, அடித்தளப் பொட்டலங்களின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க வேண்டும். சாதாரணமாகப் பொட்டலத்தை நீக்கு என்று சொன்னால் அதன் கோப்புகளையும் சேர்த்துத் துடைத்துவிடும். ரேஷன் கார்டில் பேரை வெட்டுவது வேறு, ஆளையே வெட்டுவது வேறு அல்லவா?

இது எனக்குத் தெரியாது என்று சிஸ்டரிடம் சொல்ல முடியாது. தெரிந்த ஒரே ஆள் ரெக்கார்ட் ரூமில் பழைய கேஸ் ஷீட்டுகளை ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறாள். ஏப்ரல் 21 முதல் அவளுக்கு அங்கேதான் வேலை.

ஜூன் 14, சனி

போனேன். ஜெனிதா துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு தூசு தட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார். காப்பி குடிச்சியளா?"

கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கேட்டதும் அவள் ஒரு கேஸ் ஷீட்டின் பின்பக்கத்தில் திருப்புகிற வேலையின் பத்துப் படியையும் எழுதிக் கொடுத்தாள்.

"மூணாவது படிய மட்டும் கவனமாப் பாத்துக்கிடுங்க சார். மூட்டைய விரிக்கும்போது இடிசி ஃபோல்டர விலக்கிரணும். அதுலதான் எல்லாருக்க பேரும் பாஸ்வேர்டும் இருக்கு. விலக்காட்டா வெத்து ஃபோல்டரு மேல வந்து விழுந்திரும்."

"தெரியும் பிள்ளே."

"ஒம்பதாவது படி பதிவேட்டக் காலி பண்ணது. அதுக்கு முன்னாடி ஒரு நகல் எடுத்து வச்சிருங்க. என்ன, எப்பன்னு பின்னால யாராவது கேட்டா காட்டலாம்லா?"

சரி என்றேன். வெளியே வந்து வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்றேன். சாரல் அடித்துக்கொண்டிருந்தது, குடையை அவள் மேசையிலேயே விட்டுவிட்டேன். திரும்பிப் போய் எடுக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

உள்ளித் தீயல். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

டயாலிசிஸ் வார்டு வழியாகப் போகாமல் சுற்றிப் போவது என் வழக்கமாகிவிட்டது. இன்று மழை, சுற்ற முடியவில்லை. ஜெனிதாவின் அம்மா மரிய புஷ்பம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். செவ்வாயும் வெள்ளியும் அவருக்கு டயாலிசிஸ். ஊழியர் குடும்பம் என்பதால் இலவசமாக நடக்கிறது. முப்பதாம் தேதிக்குப் பிறகு ஜெனிதா ஊழியர் இல்லையென்றால் இவரும் இல்லை.

"சாரே, நில்லுங்க. ஒங்களப் பாக்கணும்னுதான் இருந்தேன். பிள்ளைக்கு ஏதோ தப்பு வந்து போச்சாமே. சின்னப் பிள்ளைதானே, கொஞ்சம் பாத்து எழுதுங்க. ஒங்கள நம்பித்தான் இருக்கோம்."

என் கையைப் பிடித்துக்கொண்டார். ஊசி போட்டுப் போட்டுப் புடைத்துப்போன கை. பார்க்கிறேன் அம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த ஒரு பக்கத்தை எழுத உட்கார்ந்தேன். "செல்வி சகாய ஜெனிதா திறமையானவர், ஆனால்" என்பது வரைக்கும் வந்தது. அந்த ஆனாலுக்குப் பிறகு என்ன எழுதுவது?

ஜூன் 18, புதன்

சிஸ்டர் சர்வர் அறைக்கு வந்தார். சர்வர் எழும்பும்போது திரையில் ஒரு குட்டிச்சாத்தான் படம் வரும், கொம்பும் வேலுமாக. இந்த இயங்குதளத்தின் அடையாளம் அது, யாரோ விளையாட்டாக வரைந்தது. சிஸ்டருக்கு அதைக் கண்டால் ஆகாது.

"பழைய முறைக்குப் போனா இது போயிருமா தாணு சார்?"

"இல்ல சிஸ்டர். இது ரெண்டுலயும் உண்டு."

"அப்ப குற்றத்த யாரு மேல போட?" என்று சிரித்தார். வெறும் தமாஷ்தான். எனக்குத்தான் கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது.

ஜூன் 20, வெள்ளி

ஜெனிதா சொன்னபடி பதிவேட்டின் நகலை எடுக்கலாம் என்று திறந்து பார்த்தேன். எடுக்கவில்லை. மூடிவிட்டேன்.

சர்வரில் எதையும் மாற்றும் உரிமையுள்ள ரூட் கணக்கு ஒன்றுதான். அவளுக்கும் எனக்கும் பொது. யார் தட்டினார்கள் என்று பதிவேடு சொல்லாது. எப்போது என்று மட்டும் சொல்லும்.

ஜூன் 21, சனி

மோட்டார் ஓடுகிறது, ஆனால் கத்துகிறது. பகவதி சொன்னாள்: "ஒங்களப் போலத்தான் அதுவும். ஏதோ ஒண்ணு உள்ள கிடந்து உருளுது, வெளிய எடுக்க மாட்டேங்கியோ."

ஒன்றுமில்லை என்றேன்.

"ஒண்ணுமில்லாதவன் எதுக்குக் கால ஆட்டிக்கிட்டே இருக்கான்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 22, ஞாயிறு

சரி, இங்கேயாவது எழுதுகிறேன். யார் படிக்கப்போகிறார்கள்.

ஏப்ரல் 20, ஈஸ்டர். ஜெனிதாவுக்கு லீவு. நான் மட்டும் டியூட்டி. பிற்பகல் நாலு மணி, தூக்கம் வந்தது. லேப் புரோகிராம் ஒன்றுக்குப் புதுப் பதிப்பு வந்திருந்தது, ஏற்றலாம் என்று நினைத்தேன். இருபத்திரண்டு வருஷமாக ஒரே கட்டளை, எல்லாவற்றையும் புதுப்பி என்று. கடைசியில் ஒரு கோடும் ஒய் என்ற ஆங்கில எழுத்தும். நடுநடுவே கேள்வி கேட்காதே, எல்லாவற்றுக்கும் ஆம் என்று அர்த்தம். விரல் தானாகத் தட்டிவிடும்.

பழைய முறையில் அது மேலே இருக்கிற புரோகிராம்களை மட்டும்தான் தொடும். புது முறையில் அடித்தளமும் பொட்டலம் அல்லவா? எல்லாவற்றையும் என்றால் அதுவும்தான். முந்நூறு பெயர்கள் திரையில் ஓட ஆரம்பித்தன. நான் பயந்துபோய்ப் பாதியில் நிறுத்தினேன். நிறுத்தியதுதான் கேடு. பாதி அடித்தளம் புதுசு, பாதி பழசு. அன்றைக்குச் சர்வர் ஓடிக்கொண்டிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் கரண்டு போய் வந்தபோது தெரிந்தது. பாவம், அந்த நேரம் பட்டனை அமுக்கியவள் ஜெனிதா.

சொல்லியிருக்கலாம். அன்று காலை ஏழே கால் மணிக்கே சொல்லியிருக்கலாம். எல்லோரும் அவளைப் பார்த்துக் கேட்டார்கள், என்னைப் பார்த்து யாரும் கேட்கவில்லை. கேட்காததற்கு எதற்குப் பதில் என்று இருந்துவிட்டேன்.

இந்த டைரியின் கடைசிப் பையில் ஒரு மஞ்சள் தாள் இருக்கிறது. ஜனவரியில் ஜெனிதா என் மானிட்டரில் ஒட்டியது. "தாணு சார், இனி ஒய் போடாதீங்க. அடித்தளமும் சேர்ந்து மாறும். பாதியில நிறுத்தவும் செய்யாதீங்க." ஏப்ரல் 21 காலையில், சர்வர் எழும்பாத கலவரத்தில் அவள் பார்க்காதபோது அதைக் கிழித்து எடுத்தேன். தூரப் போட மனசு வரவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

ஒன்பதாவது படி எனக்குக் கடவுள் கொடுத்த படி என்று தோன்றுகிறது. பதிவேடு காலியானால், அன்றைக்கு நான் கட்டளை தட்டிய நேரமாக அதில் பதிந்திருக்கிற நாலு பன்னிரண்டும் காலி. நான் ஒன்றும் மறைக்கவில்லை, அவள் எழுதிக் கொடுத்த படியைத்தான் செய்கிறேன்.

இதை எழுதிவிட்டுத் திரும்ப வாசித்தேன். எனக்கே குமட்டுகிறது.

ஜூன் 27, வெள்ளி

அந்த ஒரு பக்கத்தை முடித்தேன். "திறமையானவர், ஆனால் அவசரக்காரர். இன்னும் ஆறு மாதம் தற்காலிகமாக வைத்துப் பார்க்கலாம்." யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு. அவள் அம்மாவுக்கும் ஆறு மாதம் ஓடிவிடும். நல்ல வாக்கியம்தான். பிறகு ஏன் மூன்று தடவை போய்த் தண்ணீர் குடித்தேன்?

ஜூன் 29, ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன்.

மதியம் ஒரு மணிக்கு லேபில் கூட்டமில்லை, ஆரம்பித்தேன். இடிசியை விலக்கித்தான் மூட்டையை விரித்தேன். பாதியில் நின்றது. சில கோப்புகளுக்குப் பூட்டு உண்டு, மேலெழுத விடாது. பூட்டைக் கழற்றிவிட்டு மறுபடி கட்டளையைத் தட்டினேன். தாளைப் பார்க்கவில்லை. ஒன்பதாவது படிக்குப் போய்விடவேண்டும் என்று மனசு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை முழுதும் விரிந்தது. பதிவேட்டைக் காலி செய்தேன். அப்பாடா என்று இருந்தது. சர்வரைத் திரும்பப் போட்டேன், குட்டிச்சாத்தான் வந்தது.

லேப் புரோகிராம் வரவில்லை.

கோப்புகளைப் பட்டியலிட்டுப் பார்த்தேன். உரிமையாளர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எல்லாம் எண்கள். 1001, 1003, 1005. ஒரு பெயர்கூட இல்லை. இரண்டாம் தடவை இடிசியை விலக்க மறந்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் இருக்கிற அத்தனை பேரின் பெயரும் போய்விட்டது. லேப் என்ற பெயரில் ஓடுகிற புரோகிராமுக்குத் தான் யார் என்றே தெரியவில்லை, எப்படி எழும்பும்?

ததேயுஸ் போன் செய்தான். "அண்ணாச்சி, ஐசியூல ரத்தம் எடுத்து அனுப்பிட்டாங்க. இன்னைக்கும் என்ன ஓட விட்டிராதீங்க."

முழு நகல் வெளி டிஸ்கில் இருக்கிறது. அதிலிருந்து திருப்ப விடிந்துவிடும். ஜெனிதாவைக் கூப்பிட்டேன். கோட்டாறிலிருந்து பத்து நிமிஷத்தில் வந்துவிட்டாள். கோயில் பாடகர் குழுவிலிருந்து நேராக, பட்டுச்சேலையோடு. கையில் என் குடை.

"இடிசிய விலக்கினீங்களா சார்?"

திரையை அவள் பக்கம் திருப்பினேன்.

"சரி, பதறாதீங்க. தெனமும் வெளுப்பாங்காலம் மூணு மணிக்கு அதுவே ஒரு நகல் எடுத்து வைக்கும்லா. முக்கியமானத மட்டும்."

மறந்தே போயிருந்தேன். ஒரு ஃபோல்டரைத் திறந்தாள். பெயர்களும் பாஸ்வேர்டும் இருக்கிற கோப்பின் நகல் அங்கே இருந்தது. அதற்கு இரண்டு வரி கீழே பதிவேட்டின் நகல். இன்று காலை எடுத்தது. நான் காலி செய்வதற்கு முன்னால்.

அவள் அதைத் தொடவில்லை. பெயர்க் கோப்பை மட்டும் எடுத்து அதன் இடத்தில் வைத்தாள். லேப் புரோகிராம் எழும்பியது. ததேயுஸ் போனில் கத்தினான், "வந்திட்டு, வந்திட்டு!" அவள் பட்டியலை மறுபடி ஓடவிட்டாள். எண்கள் எல்லாம் பெயர்களாகிக்கொண்டே வந்தன. லேப், ததேயுஸ், தாணு. அப்புறம் வரிசையாக 1007, 1007, 1007.

"எல்லாருக்க பேரும் வந்திட்டு சார். எனக்க பேரு மட்டும் வரல."

தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்து மறுபடி ஓடவிட்டாள். மறுபடியும் 1007.

"என் கணக்கப் பூட்டி வச்சிருக்குன்னுதானே சிஸ்டர் சொன்னாங்க? பூட்டினா பேரு இருக்கணுமே."

"பூட்டத்தான் சொன்னாங்க. நான் அழிச்சேன்."

"எதுக்கு?"

"நீ உள்ள வந்து பாத்திரப்பிடாதுன்னு."

அவளுக்குப் புரியவில்லை. நான் திரையில் விரலை வைத்தேன். "இந்தப் பதிவேட்டயும் திற."

"அது இனி வேண்டாம்லா சார்."

"திற பிள்ளே."

திறந்தாள். வாசித்தாள். முதலில் மனசுக்குள், பிறகு வாய்விட்டு. "ஏப்ரல் இருபது, நாலு பன்னெண்டு. நூத்தி நாப்பத்தொண்ணு பொட்டலம். மிச்சம் மறுநாள் ஒண்ணு நாப்பதுக்கு." தேதியை மறுபடி பார்த்தாள். "ஈஸ்டர் அன்னைக்கு நான் வீட்டுலல்லா இருந்தேன்."

"ஆமா."

"பாதியில நிறுத்தாதீங்கன்னு எழுதி ஒட்டியிருந்தேனே சார்."

டைரியின் பையிலிருந்து மஞ்சள் தாளை எடுத்து மேசைமேல் வைத்தேன். தன் கையெழுத்தைத் தானே எடுத்துப் பார்த்தாள். மன்னித்துவிடு என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஒண்ணும் சொல்லாதீங்க," என்றாள். "பத்து வாரம் சார். நான் என்ன தப்புச் செஞ்சேன்னு பத்து வாரமா தெனமும் யோசிச்சிட்டே இருந்தேன். எங்கம்மா ஒங்க கையப் பிடிச்சாங்களாமே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்லா?"

குடையை என் நாற்காலியில் சாத்தி வைத்துவிட்டுப் போய்விட்டாள். மழை பெய்துகொண்டிருந்தது.

ஜூன் 30, திங்கள்

பழைய பக்கத்தைக் கிழித்தேன். புதுப் பக்கத்தில் "ஆனால்" என்ற சொல் இல்லை. பதிவேட்டை அச்செடுத்து, நாலு பன்னிரண்டுக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டு, மஞ்சள் தாளையும் சேர்த்துப் பின் அடித்து சிஸ்டரிடம் கொடுத்தேன்.

சிஸ்டர் முதல் தடவையாக உட்கார்ந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"ரெண்டு ஆபரேஷன் தள்ளிப் போச்சே தாணு சார். அதுல ஒருத்தர் என்கிட்ட வந்து அழுதாரு. நான் அந்தப் பிள்ளைய நிக்க வச்சு ஏசினேன். நீங்க பக்கத்துலதான் நின்னீங்க."

"ஆமா சிஸ்டர்."

"இருபத்திரண்டு வருஷம்," என்றார். அதைவிட ஏசியிருந்தால் தேவலை.

சாயங்காலம் இரண்டு உத்தரவுகள் வந்தன. ஜெனிதா நிரந்தரம், கம்ப்யூட்டர் பிரிவு அவள் பொறுப்பு. எனக்கு ஒரு மெமோ, கூடவே ஆறு மாதம் ரெக்கார்ட் ரூம். நீல நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பகவதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும், "நாளைக்குப் பிளம்பரக் கூப்பிடுங்க," என்றாள்.

ஜூலை 2, புதன்

ரெக்கார்ட் ரூமில் தூசு அதிகம். பதினொரு மணிக்கு ஜெனிதா போன் செய்தாள், சர்வர் அறைக்கு வரச்சொல்லி. போனேன். என் பழைய நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு அவள் தள்ளி நின்றாள்.

"எனக்க கணக்கத் திரும்பப் போடணும். நானே போட்டுக்கிடலாம். ஆனா நீங்க போடுங்க."

உட்கார்ந்தேன். புதுக் கணக்குப் போடும் கட்டளை ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டது. பெயர் என்ன, முழுப்பெயர் என்ன, எண் என்ன. சகாய ஜெனிதா என்று ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். எண் 1007. கடைசியில் கொடுத்ததையெல்லாம் திரையில் காட்டி, சரிதானா என்று கேட்டது. இந்தக் கேள்வியை நான் இதுவரை வாசித்ததே இல்லை. மேலிருந்து கீழே வாசித்தேன். சரிதான். ஆம் என்று தட்டினேன்.

பட்டியலை ஓடவிட்டேன். ஆயிரத்து ஏழு எங்கும் இல்லை. அது இருந்த இடத்திலெல்லாம் ஜெனிதா, ஜெனிதா என்று வரிவரியாக வந்துகொண்டே இருந்தது. இந்தப் பத்து வாரமும் ஆஸ்பத்திரியை ஓட்டிக்கொண்டிருந்தவை பாதிக்குமேல் அவள் எழுதிய கோப்புகள்தாம். அவள் கடைசி வரி வரைக்கும் பார்த்தாள்.

"செரி சார். எந்திரிங்க," என்றாள்.

எழுந்தேன். அவள் உட்கார்ந்தாள்.